ஒன்றாம் வகுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை: தமிழ்நாட்டில் பள்ளி திறப்பு விவாதம், 2020–2022

2020 நவம்பர் 9, திங்கட்கிழமை. தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. தமிழ்நாடு முழுவதும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஒரே நாளில் பெற்றோர் கூட்டம். கேள்வி ஒன்றுதான்: கொரோனாவால் மூடிக்கிடக்கும் பள்ளியை நவம்பர் 16 அன்று ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை திறக்கலாமா, கூடாதா?

என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. அதனால் எனக்கும் அழைப்பு வந்தது. மகன் அந்த ஆகஸ்டில்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தான்; புத்தகமும் வந்துவிட்டது, வகுப்பறையை மட்டும் அவன் பார்த்ததில்லை. அவன் படிக்க வேண்டிய பள்ளியிலிருந்து எந்த அழைப்பும் வரவில்லை. அன்று அது எனக்கு விசித்திரமாகப் படவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோதுதான் அது உறுத்தியது.

அந்தக் கூட்டத்தையும் அதன் முன்பின்னையும் அடுக்கிப் பார்ப்பதே இங்கே நோக்கம். அன்று பேசியவர்களில் முட்டாள்கள் யாரும் இல்லை. அஞ்சியவர்களுக்கும் அவசரப்பட்டவர்களுக்கும் தக்க காரணம் இருந்தது. கேள்வியை அமைத்த விதத்தில்தான் கோளாறு என்று நினைக்கிறேன்.

அதற்கு முன் நடந்தது

2020 மார்ச் 17 முதல் பள்ளிகள் மூடப்பட்டன. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் மட்டும் தொடர்ந்தன. பன்னிரண்டாம் வகுப்புக்கு மார்ச் 24 அன்று கடைசித் தாளோடு முடிந்தது. பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு தேர்வு பாக்கி. பத்தாம் வகுப்புக்குத் தேர்வு தொடங்கவே இல்லை. அந்தப் பத்தாம் வகுப்புத் தேர்வு பட்ட பாடு தனிக் கதை. ஜூன் 1 என்றார்கள், பிறகு ஜூன் 15 என்றார்கள், நுழைவுச் சீட்டும் வந்தது. ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஏன் ஆபத்துக்கு உள்ளாக்குகிறீர்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் கேட்டது. ஜூன் 9 அன்று தேர்வு ரத்து. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20 சதவீதம் என்று கணக்கிட்டு எல்லோருக்கும் தேர்ச்சி.

செப்டம்பரிலும் இதே ஆட்டம். பத்து முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் விருப்பப்பட்டால் அக்டோபர் 1 முதல் பள்ளிக்கு வந்து சந்தேகம் கேட்டுக்கொள்ளலாம் என்று செப்டம்பர் 24 அன்று அரசாணை வந்தது. ஐந்தே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. ஆக, அக்டோபர் 31 அன்று முதல்வர் எடப்பாடி பழனிசாமி நவம்பர் 16 என்ற தேதியை அறிவித்தபோது, தேதி என்றால் மாறும் என்பதைப் பெற்றோர்கள் நன்றாகக் கற்றிருந்தார்கள்.

அதே அறிவிப்பில் திரையரங்குகளுக்கும் அனுமதி இருந்தது: நவம்பர் 10 முதல், பாதி இருக்கைகளோடு. பள்ளிக்குக் குறித்த நாளோ தீபாவளி முடிந்த மறுநாளுக்கு மறுநாள். ஜவுளிக்கடைக் கூட்டமும் சொந்த ஊர்ப் பயணமும் முடித்து வருகிற பிள்ளைகள் நேராக வகுப்பறைக்குள் நுழைவார்கள். வடகிழக்குப் பருவமழை வேறு. எந்த ஆண்டும் அந்த மாதத்தில் பாதி வகுப்பு தும்மிக்கொண்டுதான் இருக்கும். எதிர்ப்பு கிளம்பியது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க. ஸ்டாலின் அவசரம் வேண்டாம் என்றார். அதன் பிறகுதான் பெற்றோரைக் கேட்டு முடிவு செய்யலாம் என்று அரசு இறங்கி வந்தது. தேதியை முதலில் அறிவித்து, கருத்தைப் பிறகு கேட்டார்கள். வரிசை மாறிப்போனது அங்கேயே தொடங்கிவிட்டது.

கூட்டத்தில்

நான் போன பள்ளியில் மர நிழலில் நாற்காலிகளை விலக்கிப் போட்டிருந்தார்கள். கையில் சானிடைசர் ஊற்றி, நெற்றியில் வெப்பமானியைக் காட்டி, ஒரு தாளைக் கொடுத்தார்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, திறக்கச் சம்மதமா இல்லையா, கையெழுத்து. அவ்வளவுதான். எப்படித் திறப்பது, எத்தனை பேரை உட்காரவைப்பது, ஒருவருக்குத் தொற்று வந்தால் என்ன செய்வது என்பதற்கெல்லாம் தாளில் இடம் இல்லை.

வேண்டாம் என்றவர்களில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "தியேட்டரைத் திறந்தால் நான் போகாமல் இருக்கலாம். பள்ளியைத் திறந்தால் என் பிள்ளை போகாமல் இருக்க முடியுமா? வருகை கட்டாயமில்லை என்கிறீர்கள், பொதுத்தேர்வு கட்டாயம்தானே?" அதற்கு மேடையில் பதில் இல்லை. அவருடைய வீட்டில் எழுபது வயதுத் தாயார், ஒரே அறை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று அவருக்கும் தெரியும். பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவருவதைப் பற்றித்தான் கவலை.

வேண்டும் என்று எழுந்தவர் தையல் வேலை செய்கிற ஓர் அம்மா. வீட்டில் ஒரு செல்போன், மூன்று பிள்ளைகள். போன் அவருடைய கணவரின் சட்டைப்பையில் காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடும். "மூத்தவன் பெயிண்ட் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டான், டீச்சர். நாளுக்கு ஐந்நூறு ரூபாய் பார்த்துவிட்டான். இன்னும் மூன்று மாதம் விட்டால் நீங்கள் கூப்பிட்டாலும் வரமாட்டான்." கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இந்த இருவரும் ஒருவருக்கொருவர் எதிரிகள் இல்லை. ஒரே தெருக்காரர்களாகக்கூட இருக்கலாம். ஒருவர் வீட்டிலிருக்கும் முதியவரைப் பார்த்தார், மற்றவர் வேலைக்குப் போய்விட்ட மகனைப் பார்த்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் இடம் அந்தத் தாளில் இல்லை: ஒரு கட்டம் ஆம், ஒரு கட்டம் இல்லை.

ஆசிரியர்கள் நிலை இன்னும் சிக்கல். "வீட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள்" என்ற பேச்சு எட்டு மாதமாக அவர்களைத் துரத்திக்கொண்டிருந்தது. திறக்க வேண்டாம் என்று வாய் திறந்தால் அந்தப் பேச்சு உறுதியாகும். திறக்கலாம் என்றால், நாளை ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் விரல் யாரை நோக்கி நீளும் என்பது தெரியும். ஐம்பதைக் கடந்த, சர்க்கரை நோயுள்ள கணித ஆசிரியர் ஒருவர் கடைசி வரை ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது மெதுவாகச் சொன்னார்: "எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் வகுப்பில் பதினொரு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை." தடுப்பூசி என்ற ஒன்று அப்போது நாட்டில் யாருக்குமே இல்லை.

தனியார் பள்ளி ஆசிரியர்கள் கதை வேறு. பலருக்குப் பாதிச் சம்பளம், சிலருக்கு அதுவும் இல்லை. அவர்களுக்குத் திறப்பு என்பது அடுப்பெரிகிற விஷயம். அதையே பெற்றோர்கள் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். அந்த ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், தனியார் பள்ளிகள் கட்டணத்தில் 40 சதவீதத்தை ஆகஸ்ட் இறுதிக்குள்ளும், மேலும் 35 சதவீதத்தைப் பள்ளி திறந்து இரண்டு மாதத்துக்குள்ளும் வசூலிக்கலாம் என்று சொல்லியிருந்தது. பள்ளி திறந்தால்தான் இரண்டாம் தவணை! இதை அறிந்த பெற்றோருக்கு, பள்ளி நிர்வாகம் "பிள்ளைகளின் நலனுக்காக" என்று பேசும்போது சிரிப்பு வரத்தானே செய்யும். நியாயமான ஒரு தீர்ப்பு நம்பிக்கையைக் குலைக்கும் வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டது.

ஆந்திராவிலிருந்து வந்த எண்

அந்த வாரம் எல்லோர் வாட்ஸ்அப்பிலும் ஒரு செய்தி சுற்றியது. ஆந்திராவில் நவம்பர் 2 அன்று பள்ளிகள் திறந்தன. மூன்றே நாளில் 262 மாணவர்களுக்கும் சுமார் 160 ஆசிரியர்களுக்கும் தொற்று. எங்கள் கூட்டத்தில் குறைந்தது நான்கு பேர் இதைச் சொன்னார்கள். அந்த அளவுக்கு அந்த எண் எடை போட்டது.

அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்திருக்கலாம். அன்று ஆந்திராவில் பள்ளிக்கு வந்தவர்கள் சுமார் நான்கு லட்சம் மாணவர்கள். அந்த மாநில அதிகாரிகளே இதைச் சொன்னார்கள். 262 என்பது ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. அதைவிட முக்கியமானது, கொரோனா உடலுக்குள் நுழைந்து பரிசோதனையில் தெரியவரச் சில நாட்கள் ஆகும். திறந்த மூன்றாம் நாளில் தெரிந்த தொற்றில் பெரும்பகுதி வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். ஆசிரியர்களை மொத்தமாகச் சோதித்ததால் ஏற்கெனவே இருந்தது வெளியே தெரிந்தது. வகுப்பறை பரப்பியதா என்ற கேள்விக்கு அந்த எண்ணில் விடையே இல்லை.

இதை அந்தக் கூட்டங்களில் யாராவது சொல்லியிருக்க வேண்டும். சுகாதாரத் துறையிலிருந்து ஒருவரை உட்காரவைத்திருந்தால் போதும். கருத்துக் கேட்பு என்றார்கள். கருத்துக்குக் கீழே கொஞ்சம் தகவல் வேண்டாமா? அதே போல மாநிலம் முழுமைக்கும் ஒரே தேதி. சென்னையில் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் தொற்று. பெரம்பலூரில் ஒற்றை இலக்கம். பெரம்பலூர்க்காரர் சென்னையின் பயத்தோடு "இல்லை" என்று எழுத வேண்டியிருந்தது.

நவம்பர் 12 அன்று அரசு பின்வாங்கியது. பெற்றோரிடம் மாறுபட்ட கருத்துகள் இருப்பதால் திறப்பு தள்ளிவைக்கப்படுகிறது என்று அறிக்கை. மாறுபட்ட கருத்து இருக்கும் என்பது கூட்டம் போடாமலே தெரிந்த விஷயம். கல்லூரிகளில் ஆராய்ச்சி மாணவர்களும் முதுகலை அறிவியல் இறுதியாண்டு மாணவர்களும் டிசம்பர் 2 முதல் போனார்கள். பள்ளி மூடியே கிடந்தது.

பொங்கலுக்குப் பின்

2021 ஜனவரி 6 முதல் 8 வரை மறுபடி கூட்டம். இந்த முறை பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மட்டும். தாள் அதேதான், ஆனால் சூழ்நிலை மாறியிருந்தது. தொற்று நாளொன்றுக்கு ஆயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. ஒரு வகுப்பறைக்கு 25 பேர், பெற்றோரின் ஒப்புதல் கடிதம், வைட்டமின், துத்தநாக மாத்திரை என்று நிபந்தனைகள் முன்கூட்டியே சொல்லப்பட்டன. பெரும்பான்மை "ஆம்". ஜனவரி 19 அன்று பள்ளிகள் திறந்தன, பிப்ரவரி 8 அன்று ஒன்பதும் பதினொன்றும் சேர்ந்தன.

நவம்பரில் "இல்லை" எழுதிய அதே ஆட்டோக்காரர் ஜனவரியில் "ஆம்" எழுதினார். கேட்டேன். "அப்போது திறக்கலாமா என்று கேட்டார்கள், இப்போது எப்படித் திறக்கப்போகிறோம் என்று சொல்கிறார்கள்" என்றார். இந்த விவகாரத்தில் நான் கேட்ட மிகத் தெளிவான பகுப்பாய்வு அதுதான்.

ஆனால் ஒப்புதல் கடிதம் பற்றிய முணுமுணுப்பு இருக்கத்தான் செய்தது. ஏதாவது ஆனால் பொறுப்பு பெற்றோருடையது என்று கைகழுவும் தாளாகவே பலர் அதைப் படித்தார்கள். கையெழுத்தை வாங்கிக்கொண்டு மறுபக்கக் கையெழுத்தைப் போடாத ஒப்பந்தம்.

பிறகு எல்லாம் வேகமாகக் கலைந்தது. பிப்ரவரி 25 அன்று ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளுக்குத் தேர்வின்றித் தேர்ச்சி என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு. மறுநாள் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது. இரண்டரை வாரத்துக்கு முன்புதான் பஸ் ஏறி வந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, எதற்கு வந்தோம் என்ற கேள்வி. மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டம் அம்மாப்பேட்டையில் ஒரே பள்ளியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவிகளுக்குத் தொற்று. இது ஆந்திர எண் போன்றதல்ல. பள்ளி தொடங்கி வாரக்கணக்கான பிறகு ஒரே இடத்தில் கூடிய கொத்து. மார்ச் 22 முதல் அந்த மூன்று வகுப்புகளும் மறுபடி வீட்டுக்கு. மே 21 அன்று மாநிலத்தில் ஒரு நாள் தொற்று 36,184. நவம்பரில் அஞ்சியவர்களின் அச்சம் ஆறு மாதம் தாமதமாக மெய்யானது என்றும் சொல்லலாம். அந்த ஆறு மாதத்தில் ஓரளவாவது படித்திருக்கலாம் என்றும் சொல்லலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆனால் இது அலை வந்து போன பிறகு வந்த துணிச்சல் என்பதை மறுக்கமாட்டேன்.

வரிசையின் கடைசியில்

இப்போது அந்த அழைப்பு வராத பள்ளிக்கு வருகிறேன்.

ஒவ்வொரு அறிவிப்பிலும் பெரிய வகுப்புகள்தாம்: பன்னிரண்டு, பத்து, பதினொன்று, ஒன்பது. பொதுத்தேர்வு இருக்கும் வகுப்புக்கு முதல் இடம். சின்ன வகுப்புகளுக்கு இடமே இல்லை. சின்னப் பிள்ளைகள் முகக்கவசம் போடமாட்டார்கள், தள்ளி உட்காரமாட்டார்கள் என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. கேட்கச் சரியாகவும் இருந்தது. டென்மார்க் 2020 ஏப்ரலில் நேர்மாறாகச் செய்தது. அங்கே முதலில் திரும்பியவர்கள் குழந்தைகள்தாம். பெரிய வகுப்புகள் வீட்டில் இருந்தன. பதினாறு வயதுப் பையன் ஒரு காணொளியைப் பார்த்துக் கொஞ்சமாவது புரிந்துகொள்வான், ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுத்தைக் கையைப் பிடித்துத்தான் சொல்லித்தர வேண்டும் என்ற எளிய கணக்கு அதில் இருக்கிறது. டென்மார்க்கின் வகுப்பறையையும் நம் வகுப்பறையையும் ஒப்பிட முடியாதுதான். ஆனால் அந்தக் கணக்கு நம்முடைய ஊருக்கும் பொருந்தும்.

2021 ஜூலை 20 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா இதையே சொன்னார். நான்காவது தேசிய ரத்தப் பரிசோதனை ஆய்வில் 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேருக்கு எதிர்ப்புப்பொருள் தென்பட்டது, அதாவது தொற்று முன்பே வந்துபோயிருந்தது. குழந்தைகள் இந்தக் கிருமியைப் பெரியவர்களைவிட நன்றாகச் சமாளிக்கிறார்கள், பணியாளர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டால் தொடக்கப் பள்ளியை முதலில் திறப்பதே அறிவு என்றார். தமிழ்நாட்டில் ஆட்சி மாறியிருந்தது. ஆனால் திறப்பு வரிசை மாறவில்லை. செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. நவம்பர் 1 அன்றுதான் ஒன்று முதல் எட்டு வரை.

மூடிய நாளிலிருந்து எண்ணினால் பத்தொன்பதரை மாதம். என் மகன் முதன்முதலாக வகுப்பறையில் உட்கார்ந்தபோது அவன் இரண்டாம் வகுப்பு. மூன்று நாளில் தீபாவளி, அடுத்த வாரம் கனமழை விடுமுறை. அவனுடைய ஆசிரியை சொன்னது: பாடத்தை விடுங்கள், வரிசையில் நிற்கவும், பென்சிலை மாற்றி மாற்றி வாங்கவும், பக்கத்தில் இருப்பவனைக் கடிக்காமல் இருக்கவும் கற்றுக்கொடுக்கவே அந்த மாதம் போய்விட்டது.

கல்வித் தொலைக்காட்சி இருந்தது. 2020 ஜூலையிலிருந்து பாடங்கள் ஒளிபரப்பாயின. பன்னிரண்டாம் வகுப்புக்கு விலையில்லா மடிக்கணினியில் பாடங்களை ஏற்றித் தந்தார்கள். நல்ல முயற்சிகள். ஆனால் 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும், வசதி குறைந்த சுமார் 1,400 பிள்ளைகளிடம் பொருளாதார அறிஞர்கள் ஜீன் டிரீஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் நடத்திய ஆய்வில், கிராமப்புறத்தில் இணையவழியில் ஒழுங்காகப் படித்தவர்கள் 8 சதவீதம். எதுவுமே படிக்காதவர்கள் 37 சதவீதம். பள்ளியைத் திறங்கள் என்று சொன்ன கிராமத்துப் பெற்றோர் 97 சதவீதம். நவம்பர் 9 அன்று அந்தப் பெற்றோர்களிடம் தாள் போகவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் தொடக்க, நடுநிலை வகுப்புகளில் அல்லவா இருந்தார்கள்.

விலை என்ன என்பதும் பின்னால் தெரிந்தது. கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் நாடு முழுவதும் சோதிக்கும் ஏசர் (ASER) ஆய்வின் 2022 அறிக்கையில், தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 4.8 சதவீதம், 2018-இல் அது 10.2. முன்பே தாழ்வாக இருந்தது பாதிக்கும் கீழே போனது. என் மகனின் வகுப்புதான் அது.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். 2021 டிசம்பரில் கணக்கில் பின்னடைவு மொழியில் உள்ளதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது: 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய திட்டம், மாலை நேரத்தில் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குப் பாடம் சொல்லித்தந்த பெண்கள். எங்கள் தெருவுக்கு வந்தவர் பட்டப்படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவர். என் மகன் "ழ" எழுதக் கற்றது அவரிடம்தான்.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்று. திண்ணையில் பத்துப் பிள்ளைகளை உட்காரவைக்கும் இந்த ஏற்பாட்டை 2020 நவம்பரிலேயே செய்திருக்க முடியும். திறந்தவெளி, சின்னக் குழு, உள்ளூர் ஆள். தொற்றுக்கு அஞ்சுகிறவர் சொல்லும் எல்லா நிபந்தனைகளும் அதில் அடங்கும். பள்ளியைத் திறப்பதா மூடுவதா என்ற இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருந்த இடம் அது. தாளில் அந்த மூன்றாவது கட்டம் இல்லாததால் யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

2022 ஜனவரியில் ஒமைக்ரான் வந்து மறுபடி மூடினார்கள். ஜனவரி 27 அன்று, மாநிலத்தில் ஒரே நாளில் 28,000-க்கும் மேல் தொற்று பதிவான அன்று, பிப்ரவரி 1 முதல் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒன்றாகத் திறக்கும் என்று அறிவிப்பு வந்தது. 2020 நவம்பரில் அந்த எண்ணில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனக்கு இந்த முறை கூட்டத்துக்கு அழைப்பும் வரவில்லை, தாளும் வரவில்லை. என் மனைவி மகனின் பையில் தண்ணீர் பாட்டிலை வைத்து அனுப்பினாள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு எல்கேஜி குழந்தை மட்டும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மழலையர் வகுப்புகளுக்கு அனுமதி பிப்ரவரி 16 முதல்தான்.